மலைக்கு எந்த வண்டி?

முழங்கால் போடாதவனை என்ன செய்வது என்று சித்தூர் மிஷன் காம்பவுண்டில் யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுதாவிட்டால் என்ன, ஊருக்கு வாய் இருக்கிறது.

அன்று காலையும் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தாயிற்று. மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய டிரைவர் ஏசுரத்தினம் அந்த வயதிலும் சுவரைப் பிடிக்காமல் முழங்காலில் இறங்கினார். மருமகள் தபீதாளும் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் மண்டியிட்டாள். மகன் சுந்தர்சிங் மட்டும் கதவு நிலையில் சாய்ந்து, தெருவில் போகும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிழவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்த வூட்டுலே பெருமை பிடிச்ச முழங்கால் ஒண்ணு கீது. அதை நீரே முடக்கும். ஆமென்."

சுந்தர்சிங் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. தபீதாளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குச் சங்கதி தெரியும். புதிதாக வாசல் மிதிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. திருமலைப் பாதையில் இறங்கும்போது சுந்தர்சிங்கின் டாக்சியில் பிரேக் பெடல் ஒரேயடியாய் உள்ளே போய்விட்டது. கை பிரேக்கை அவன் இழுத்த இழுப்பில்தான் வண்டி பள்ளத்துப் பக்கம் போகாமல் பாறைச் சுவரில் உரசி நின்றது. பயணிகளுக்குக் கீறல்கூட இல்லை. வண்டி பழைய இரும்பாயிற்று. அவனுடைய இடது கால் மாவுக்கட்டுக்குள் போயிற்று. கட்டைப் பிரித்த பிறகு லேசாக இழுத்து நடந்தான். "நாளானா சரியாப்பூடும்" என்றான். எல்லாரும் நம்பினார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவன் முழங்கால் போடவில்லை. இராப்போஜன ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கப் பந்தியில் மண்டியிட்டபோது இவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான். "மலைக்கு ஆளை ஏத்திக்கினு போய் இவனுக்கு விசுவாசமே பூட்சி" என்று பெண்கள் பக்கம் பேச்சாயிற்று. பாஸ்டர் ஐயா வீடு தேடி வந்து கேட்டார். வெட்கமில்லாமல் சிரித்துவிட்டு வெளியே போனான். அப்புறம் வண்டி தேடுகிறேன் என்று திருப்பதியிலேயே டிரைவர்கள் சங்கத்து அறையில் தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்தாலும் தரையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். ஐயாவுக்கு ஸ்டூல் வேண்டும்.

கட்டின புருஷன் தன்னை வெறுத்துவிட்டான் என்றே தபீதாள் முடிவு கட்டியிருந்தாள். வெறுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்டாண்டு இடம் போகக்கூடாது.

திருப்பதி டாக்சி ஸ்டாண்டில் அந்த இடம் அவளுடைய அப்பா சத்தியநாதன் பிடித்தது. அவர் கண்ணை மூடியபின் பர்மிட் அவள் பெயருக்கு வந்தது. ஸ்டாண்டுக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டியை இழந்தவனுக்காகப் பிரம்மோற்சவக் கொடியேற்றம் வரைக்கும் இடம் காத்திருக்கும். கொடி ஏறுவதற்குள் வேறு வண்டியோடு வந்து, மலைக்கு ஒரு நடை ஏறி இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. எந்த ராஜா வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார்கள்.

கொடியேற்றம் அன்றைக்கே சாயங்காலம்; வண்டி எடுக்கத்தான் சுந்தர்சிங் முந்தின ராத்திரியே வீட்டுக்கு வந்திருந்தான்.

கங்காதர நெல்லூரில் அவள் அப்பா விட்டுப்போன துண்டு நிலமும் போன வாரம் கைமாறியாயிற்று. இனிமேல் அந்த வீட்டில் விற்க ஒன்றுமில்லை. இடம் போனால் அடுப்பு எரிய வழியில்லை.

பின்னே கடைசி நாள் வரை ஏன் இழுத்தார்கள் என்று கேட்பீர்கள். அப்பனும் மகனும் ஒரே வண்டியைப் பார்த்து விரல் நீட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

*

வேலூர் ரோட்டில் கங்கையாவின் கொட்டகை. பழைய வண்டி வாங்கி விற்பது அவன் தொழில். கொட்டகையில் இரண்டு செவர்லே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, நடுவில் பத்து வருஷம்.

மூத்தது கறுப்பு. உருண்டை முதுகு, ஆறு சிலிண்டர், ஐம்பத்து நாலாம் மாடல். இளையது வெளிர்நீலம். நீட்டிப் படுத்த உடம்பு, எட்டு சிலிண்டர், அறுபத்து நாலாம் மாடல். நகரியில் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் இருந்து வந்தது. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து எட்டு சிலிண்டரைச் சீந்துவாரில்லை. அதனால் இளையதும் மூத்ததும் ஒரே விலைக்கு நின்றன. பேப்பர் வேலையெல்லாம் கங்கையா முடித்து வைத்திருந்தான். எந்த வண்டி என்று தபீதாள் கைகாட்டிக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

ஏசுரத்தினம் கறுப்பு வண்டியிடம் போய் அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தார். இதை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு ஓட்டினவர் அவர்தான்.

"ஏமி பெத்தாயனா, பழைய சினேகமா?" என்று தன் தெலுங்குத் தமிழில் கேட்டுச் சிரித்தான் கங்கையா.

"சினேகமா? என் புள்ளையைவிட இது என் பேச்சைக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்து இறங்கியபோது பத்து வயது குறைந்திருந்தார்.

"அம்மா தபீதா, மலைக்கு இதாம்மா வண்டி. ஏத்தத்திலே ரெண்டாவது கியர், எறக்கத்திலே ரெண்டாவது கியர். கியரே வண்டியைப் பிடிச்சிக்கினு நிக்கும். பெட்ரோலும் அளவாத்தான் குடிக்கும்."

சுந்தர்சிங் அந்தப் பக்கமே வரவில்லை. நேரே நீல வண்டியில் போய் ஏறியிருந்தான். அவன் சாவியைத் திருப்பியதும் கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. வண்டியை அவன் வெளியே எடுத்தவிதம் இருக்கிறதே, கோபத்தில் இருந்த தபீதாளுக்கே கண் எடுக்க முடியவில்லை. ஒரு கையால் வளைத்து, ஒரு உறுமலில் மேட்டில் ஏற்றி, வழுக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

"கிளட்ச் எங்கடா இதுலே?" என்றார் கிழவர்.

"கெடையாது நைனா. ஆட்டோமேட்டிக். தானா கியர் மாத்திக்கும்."

"தானா மாத்திக்கும், தானா மலையிலேந்து குதிச்சிக்கும்."

"'எல்'லுன்னு ஒரு கியர் கீது, அதுலே போட்டா எறக்கத்துலே எஞ்சின் பிடிக்கும்."

"கொஞ்சம் பிடிக்கும்."

"சூடண்டி, இங்க பாருங்க," என்று கங்கையா நடுவில் புகுந்தான். "ஏத்தத்துலே இந்த நீலத்தை முந்துற வண்டி இந்த ஜில்லாலேயே லேது. எட்டுப் பேரை ஏத்தினாலும் மூச்சு வாங்காது."

"குடிக்கறதைச் சொல்லு."

"குடிக்கும்" என்று ஒப்புக்கொண்டான் கங்கையா.

கிழவர் சும்மா விடவில்லை. நீல வண்டிக்கு அடியில் புகுந்து பிரேக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஏறி ஒவ்வொன்றாய் மிதித்துப் பார்த்தார். ஏதோ 'கிறீச்' என்றது. தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார்.

"வண்டி மோசமில்ல. ஆனா நம்ம மலைக்கு இது வோணாம். டேய், கறுப்பை ஓட்டிப் பாரு."

"வேணாம் நைனா."

"ஒரு சுத்துடா. ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லு."

"எனக்கு அந்தக் கட்டை வண்டி வேணாம்னு சொல்லிக்கினே கீறேன் இல்ல?"

கிழவரின் முகம் கறுத்தது. கங்கையா முன்னால், மருமகள் முன்னால்!

"எது கட்டை? உனுக்குச் சோறு போட்டு வளத்த வண்டிடா அது. ஆண்டவருக்கு முழங்கால் மடங்காது, அப்பன் பேச்சுக்கு கழுத்து மடங்காது. பளபளன்னு நீலமா இருந்தா மட்டும் பல்லை இளிச்சிக்கினு ஏறுவே. அந்தப் பள்ளத்துலே வுழாம உன்னைப் பிடிச்சது யாருடா? நீயா?"

 சுந்தர்சிங் நீல வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்த கை வெளுத்திருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பாகாலை வழியாகத் திருப்பதி போய்ச் சேர வேண்டும், அப்புறம் மலை ஏற வேண்டும், இறங்க வேண்டும். இவர்கள் இருவரும் வழக்காடி முடிக்கும்போது கொடி ஏறி, சாமி வாகனத்தில் ஊர்வலமே கிளம்பியிருக்கும். தபீதாளுக்குப் பொறுமை அறுந்தது. விறுவிறென்று போய்க் கறுப்பு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"வாங்க. ஒரே ஒரு சுத்து. நான் கேக்கறேன், ஓட்டுங்க."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவளுக்கு அது அப்போது புரியவில்லை. கோபத்தில் இருப்பவளுக்கு எது புரியும்?

"நைனா இங்கேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

கறுப்பு வண்டி கொட்டகையின் பின்வாசலைப் பார்த்து நின்றிருந்தது. வெளியே சரிவான சந்து. சுந்தர்சிங் உட்கார்ந்தான். பின்பக்கம் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தன் இடது தொடையைக் கீழிருந்து பிடித்துத் தூக்கி, பாதத்தைக் கிளட்சின்மேல் வைத்தான். அரிசி மூட்டையை இறக்கி வைப்பதுபோல வைத்தான். வைத்துவிட்டு முட்டியின்மேல் உள்ளங்கையை ஊன்றி அமுக்கினான். கிளட்ச் பாதிதான் போயிற்று. கியரைப் போடக் கையை எடுத்தான். கால் வழுக்கியது. வண்டி சந்துக்குள் ஒரு குதி குதித்து முன்னால் பாய்ந்து, அடங்கி நின்றது.

மறுபடி காலைத் தூக்கி வைத்தான். மறுபடி குதித்து நின்றது.

தபீதாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டிக்குள் அது குச்சியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் ஞாபகம் வந்தது. கடைசி பெஞ்ச் ஞாபகம் வந்தது. இன்று காலை கதவு நிலையில் சாய்ந்து நின்றது ஞாபகம் வந்தது. அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"முழங்கால்..." என்றாள். 

"போட்டா எழுந்திரிக்க முடியாது தபீதா. ரெண்டு பேர் தூக்கணும். திருப்பதி ஆஸ்பத்திரிலேயே சொல்லிட்டாங்க, நரம்பு செத்துப்பூட்சின்னு. திரும்பாதாம்."

"அதுக்கா விசுவாசம் போனவன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிக்கினே?"

"விசுவாசம் போனவனுக்கு லைசென்ஸ் குடுப்பாங்க. நொண்டிக்குக் குடுப்பாங்களா?"

அவள் அழுதாள். இத்தனை மாதம் அவனைத் திட்டித் தீர்த்த ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவளையே திருப்பித் திட்டியது. சபையே அவனைத் தூற்றியபோது இவளும் சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டாளே!

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அழுவே. நீ அழுதா நைனா கேப்பாரு. நைனாவுக்குத் தெரிஞ்சா என்னை ஸ்டியரிங்கைத் தொட வுடமாட்டாரு. இடத்தை வேற எவனுக்காவது வாடகைக்கு வுடுவோம். அவன் ஓட்டுவான், நான் ஸ்டாண்டுலே உக்காந்து அவனுக்கு டீ வாங்கிக் குடுப்பேன். அதுக்கு அன்னிக்கே அந்தப் பள்ளத்துலே போயிருக்கலாம்."

"அப்படிப் பேசாதீங்க."

"அந்த நீல வண்டியை நான் நகரியிலே பாத்த அன்னிக்குத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. எடது காலுக்கு அதுலே வேலையே கெடையாது. வலது கால் ஒண்ணு போதும். தபீதா, ஒரு வருஷம். இடம் நிலைச்சிடும். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மலையிறக்கத்தில் பிரேக் போய்ப் பிழைத்தவனின் பெண்டாட்டி அவள். கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எறக்கத்துலே மறுபடியும் பிரேக் போனா?"

"கை பிரேக் கீது இல்ல? அன்னிக்கும் அதுதானே காப்பாத்துச்சு."

சொல்லும்போது அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"நைனாவுக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

*

கொட்டகைக்கு அவள் நடந்தே திரும்பினாள். வண்டியைக் கங்கையாவின் ஆள் பின்னால் எடுத்து வந்தான்.

"இன்னாம்மா, என் ராஜாத்தி எப்படி ஓடுச்சு?" என்றார் கிழவர் ஆசையாக.

"மாமா, நீலத்தையே எடுத்துக்கலாம்."

அவருக்குக் காதில் விழாதது போலிருந்தது. "எது?"

"நீலம். அவர் கைக்கு அதான் படியுது."

ஏசுரத்தினம் மருமகளைக் கத்திப் பேசி அறியாதவர். இப்போதும் கத்தவில்லை. தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பர்மிட் உன்னுது, இடம் உங்க அப்பாவுது. நீ சொன்னா சரி. ஆனா ஒண்ணு. எந்த வண்டி வந்தாலும் அதும்முன்னே முழங்கால் போட்டு ஜெபிச்சுத்தான் நான் வெளியே எடுத்திருக்கேன். இதுக்குப் போட மாட்டேன்."

கங்கையா வழக்கம்போல் டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்தான். கிழவரின் முகத்தைப் பார்த்துப் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழமும் இல்லை, ஜெபமும் இல்லை. நீல வண்டி அநாதையாகச் சித்தூரை விட்டுக் கிளம்பியது.

ஆனால் அந்தப் பிரயாணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பாகாலை தாண்டி ரோடு நேராக விழுந்ததும் சுந்தர்சிங் மெதுவாக விசிலடிக்க ஆரம்பித்தான். கல்யாணமான புதிதில் கேட்டது. இடையில் எத்தனை மாதம் அவன் உதட்டைக் குவிக்கவே இல்லை! பின்சீட்டில் கிழவர் கல்லாக உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் தபீதாள் கீழே பார்த்தாள். வலது பாதம் ஓடியாடி வேலை செய்தது. இடது பாதம் தரைவிரிப்பின்மேல் தூங்குகிற குழந்தைபோல் கிடந்தது. சந்திரகிரிக் கோட்டை தெரிந்தபோது அவன் ஒரு கையை நீட்டி அவள் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டான். சரியாகத்தான் செய்தோம் என்று அவளுக்குத் திடமாகத் தோன்றியது.

*

ஸ்டாண்டில் சங்கச் செயலாளர் தாமோதரன் வாசலிலேயே நின்றிருந்தார். நகரிக்காரர். சத்தியநாதனோடு ஒன்றாக வண்டி ஓட்டியவர்.

"வந்துட்டியா சுந்தரு! உன் இடத்துக்கு மூணு பேரு துண்டு போட்டுக்கினு நிக்கறாங்கடா. சீக்கிரம். ஏறி இறங்கி என் முன்னாடி வந்து நிக்கணும், கொடி ஏறுறதுக்குள்ளே. ஆள் ரெடியா கீறாங்க."

ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மூட்டையோடு காத்திருந்தது. முதல் மொட்டைக்கு நேர்ந்துகொண்ட குழந்தை, அதன் அம்மா, அப்பா, அத்தைமார். குழந்தை நீல வண்டியைக் கண்டதும் இரண்டு கையையும் தட்டியது. எல்லாரும் ஏறினார்கள். "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தார்கள். எட்டு சிலிண்டரும் ஒரு உறுமல். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவன் நாக்கைச் சப்புக்கொட்டினான். நீலம் மலைப்பக்கம் திரும்பி மறைந்தது.

சங்க அறை வாசல் பெஞ்சில் மாமனாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. கிழவர் பாதி குடித்தார். அவருக்குக் கோபம் எப்போதுமே ஒரு டீக்குமேல் தாங்காது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். "ஜெபம் பண்ணாத வண்டின்னு இன்னும் மனசு அடிச்சிக்குது. புள்ளை ஓட்டறதைப் பாத்துக்கினே வந்தேன். கை நல்லாத்தான் படியுது."

"ஆமாம் மாமா."

"பிரேக்கும் நான் தடவிப் பாத்துட்டேன். நீ பயப்படாதே. அப்படியே அது போனாலும் இன்னொண்ணு கீது. கையிலே இழுக்கற பிரேக்தான் இந்த மாடல்லே கெடையாது..."

தபீதாளின் கையில் டம்ளர் நின்றது.

"இன்னா மாமா?"

"கை பிரேக் கெடையாதும்மா. அதுக்குப் பதிலா கீழே எடது ஓரத்துலே சின்னதா ஒரு பெடல் வெச்சிருக்கான். நான் மெதிச்சுப் பாத்தேன், கிறீச்சுன்னுது பாரு, நல்லாப் பிடிக்குது. பிரேக் போச்சுன்னா வலது காலாலே பெரிய பெடலைப் பம்ப் அடிச்சிக்கினே எடது காலாலே அதை ஓங்கி மெதிக்கணும். கையைவிடக் காலுக்குத்தானே பலம்? நம்ப புள்ளை ஒரே மெதியிலே நிறுத்திடுவான்."

கிழவர் அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்.

கை பிரேக் கீது இல்ல? கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னானே. அவனுக்குத் தெரியும். நகரியில் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துதான் ஏறினான், அந்தக் குழந்தையை ஏற்றிக்கொண்டு. வண்டியைக் கைகாட்டியது இவள்.

"மாமா," என்றாள். டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தாள். அது உருண்டு விழுந்தது. "மாமா, அவருக்கு எடது காலே இல்ல மாமா."

"இன்னாம்மா சொல்றே?"

"செத்துப்பூட்சி. ஆஸ்பத்திரிலேயே சொல்லிட்டாங்களாம். தூக்க முடியாது, மெதிக்க முடியாது. அதனாலதான் முழங்கால் போடல. பெருமையுமில்ல ஒண்ணுமில்ல மாமா. போட்டா எழுந்திரிக்க முடியாது. உங்களுக்குச் சொல்லாதேன்னாரு, நானும் சொல்லல..."

ஏசுரத்தினம் எழுந்தார்.  காலையில் தான் செய்த ஜெபம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

ஆயுளில் எதைத் தொடங்கினாலும் முழங்கால் போட்டுத் தொடங்கிய மனிதர் அன்றைக்குப் போடவில்லை. "தாமோதரா! வண்டி எடு! மலைக்கு! என் புள்ளையை எறங்கவுடாம நிறுத்தணும்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. ஏன், எதற்கு என்று கேட்காமல் தாமோதரன் சாவியோடு ஓடினார். அவர்களுடைய வண்டி கிளம்பிப் போன புழுதி தபீதாளின் முகத்தில் வந்து படிந்தது.

மேலே இருக்கும் ஸ்டாண்டில் போன் கிடையாது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் ஆளை இறக்கிவிட்டு, அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டால்? கொடிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டுமென்று எவ்வளவு அவசரமாகத் திரும்புவான் அவன்!

அவன் திரும்பி வந்தால் இடம் நிலைக்கும். வராமல் மேலேயே நின்றால் இடம் போகும். போகட்டும், இடம் போகட்டும், நிலம் போனதுபோல் எல்லாம் போகட்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

சொல்லிவிட்டு ஸ்டாண்டின் நடுவில், எண்ணெய்க் கறை படிந்த தாரின்மேல், மலையைப் பார்த்து முழங்காலில் விழுந்தாள். யாரிடம் கேட்கிறோம், எந்த வார்த்தையில் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்பது மட்டும் வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கூட்டம் அவளைக் கண்டு நின்றது. மலையை நோக்கி மண்டியிட்டு அழுகிற பெண்ணைப் பார்த்ததும் ஒரு அம்மாள் தன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே கைகூப்பி நின்று "கோவிந்தா" என்றாள். கூட்டமும் சொல்லிற்று. தபீதாள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது இறங்கியது. மலைமேல் எங்கோ கொடியேற்றத்து அதிர்வேட்டு ஒன்று கேட்டது. வளைவுகளில் கீழிறங்கும் வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாய்த் தெரிய ஆரம்பித்தன. அதில் எது நீலம் என்று அங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை.